நாற்பது நாட்களுக்கு அப்பால்: பிள்ளைப்பேறும் தாயின் மனநலமும் – ஒரு வரலாற்று நோக்கு

பிள்ளை பெற்ற பெண்ணைப் 'பச்சை உடம்புக்காரி' என்று சொல்வது தமிழ் வழக்கு. பத்தியச் சோறு, பேறுகாலக் காயம், வெந்நீர்க் குளிப்பு, தாய்வீட்டு ஓய்வு என்று அவளுக்குரிய கவனிப்பை ஒழுங்காக வகுத்து வைத்த சமூகம் நம்முடையது. தமிழ் முஸ்லிம் இல்லங்களில் இக்கவனிப்பின் எல்லையாக நாற்பதாம் நாள் அமைந்திருக்கிறது. அன்று தலைமுழுகித் தொழுகைக்குத் திரும்பும் பெண் முழு நலம் பெற்றுவிட்டாள் என்றே குடும்பத்தார் கருதுகின்றனர். அதன் பின்னரும் அவள் உறக்கமின்றித் தவித்தாலோ, காரணம் சொல்ல இயலாமல் அழுதாலோ, குழந்தையைக் கையில் எடுக்க அஞ்சினாலோ, அதற்கு வேறு பெயர்கள் இடப்படுகின்றன. கண்ணேறு என்பர் சிலர். ஜின்னின் தீண்டல் என்பர் சிலர். ஈமானின் குறைவு என்று கடிந்துகொள்வோரும் உண்டு.

இந்த நாற்பது நாள் கணக்கு எங்கிருந்து வந்தது? அது எதனை அளப்பதற்காக ஏற்பட்டது? பிள்ளை பெற்றவளின் உள்ளத்தைப் பற்றி நமது மார்க்க மூலங்களும், நம் முன்னோர் வளர்த்த மருத்துவமும், பிற்கால மருத்துவ அறிவியலும் என்ன கூறியுள்ளன? இவ்வினாக்களுக்கு வரலாற்றின் வழியே விடை தேடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

இரு தாய்மாரின் துயரம்

திருக்குர்ஆனின் 19ஆம் அத்தியாயம் அன்னை மர்யம் (அலை) அவர்களின் பேறுகால வேளையை எடுத்துரைக்கிறது. பிரசவ வலி அவர்களைப் பேரீச்ச மரத்தின் அடிக்குக் கொண்டு சேர்க்கிறது. அருகில் துணைக்கு எவரும் இல்லை. இதற்கு முன்பே இறந்து, முற்றிலும் மறக்கப்பட்டவளாக ஆகியிருக்கலாகாதா என்று அவர்கள் ஏங்கியதை இறைமறை மறைக்காமல் பதிவு செய்துள்ளது (19:23). அகிலத்துப் பெண்கள் அனைவரிலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று அதே இறைமறையால் போற்றப்பட்டவர் அவர்கள் (3:42) என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

அந்த ஏக்கத்திற்குக் கிடைத்த மறுமொழி இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. கண்டிப்பு அதில் இல்லை. கவலைப்பட வேண்டாம் என்ற ஆறுதல் முதலில் வருகிறது. காலடியில் நீரோடை காட்டப்படுகிறது. மரத்தை உலுக்கினால் கனிந்த பழங்கள் உதிரும் என்று அறிவிக்கப்படுகிறது. உண்டு, பருகி, கண் குளிர்ந்திருக்குமாறு கூறப்படுகிறது. மனிதர் எவரையேனும் கண்டால், இன்று யாருடனும் பேசுவதில்லை என நேர்ந்திருப்பதாகத் தெரிவித்துவிடும்படி வழிகாட்டப்படுகிறது (19:24-26). நீரும் உணவும் ஆறுதலும் அளித்த இறைவன், அவற்றோடு ஊராரின் கேள்விகளுக்கு விடை சொல்லும் சுமையிலிருந்தும் அத்தாயை விடுவித்தான்.

மரணத்தை விரும்புவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்க, மர்யம் (அலை) அவர்களின் சொற்களை எவ்வாறு புரிந்துகொள்வது என்று விரிவுரையாளர்கள் ஆராய்ந்துள்ளனர். குழப்பமான சோதனை நேரும்போது அவ்வாறு விரும்புவதற்கு இடமுண்டு என்பதற்கு இவ்வசனத்தையே இப்னு கஸீர் சான்றாகக் கொள்கிறார். அன்னையின் நிலையை ஒரு நோயாகக் கொண்டு வாசிப்பது முறையாகாது. ஆனால் பேறுகாலத்தில் ஒரு பெண்ணின் வாயிலிருந்து வரும் கசப்பான சொல்லை ஈமானின் அளவுகோலாகக் கொள்ளலாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மற்றொரு தாய், மூஸா (அலை) அவர்களின் அன்னையார். பிஞ்சுக் குழந்தையை ஆற்றில் விடுமாறு பணிக்கப்பட்ட அவர், அதனை நிறைவேற்றிய பின் அவரது உள்ளம் வெறுமையாகிவிட்டது என்று திருக்குர்ஆன் கூறுகிறது. அவரது உள்ளத்தை இறைவன் உறுதிப்படுத்தியிராவிடில் அவர் உண்மையை வெளிப்படுத்திவிடும் நிலையில் இருந்தார் (28:10). பிறகு குழந்தை அவரிடமே மீட்டளிக்கப்படுகிறது. அவரது கண் குளிர வேண்டும், அவர் துயருறாதிருக்க வேண்டும் என்பது அதற்குரிய காரணங்களுள் ஒன்றாகச் சொல்லப்படுகிறது (28:13). இறைவனிடமிருந்து நேரடி உதிப்பைப் பெற்ற ஒரு தாயின் உள்ளமும் வெறுமையடையக்கூடும்; அந்த வெறுமை நீங்குவதற்கு இறையருள் ஒரு புறமும், குழந்தையோடு சேர்ந்திருக்கும் வாய்ப்பு மறுபுறமும் தேவைப்பட்டன.

தாய் தன் பிள்ளையைத் தளர்ச்சிக்கு மேல் தளர்ச்சியுற்றுச் சுமந்தாள் என்றும் (31:14), சிரமத்தோடு சுமந்து சிரமத்தோடு பெற்றாள் என்றும் (46:15) இறைமறை எடுத்துரைக்கிறது. பின்னைய வசனம் சுமத்தலுக்கும் பால்குடி மறத்தலுக்கும் சேர்த்து முப்பது மாதங்களைக் குறிப்பிடுகிறது. தாய்மையின் உழைப்பை மாதங்களால் கணக்கிடும் வேதம், அதனை நாற்பது நாட்களில் முடித்துவிடவில்லை.

நாற்பது என்னும் எல்லை

நிஃபாஸ் என்பது பேற்றின் பின்னர் வெளிப்படும் உதிரப்போக்கு. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் பிள்ளை பெற்ற பெண்கள் நாற்பது நாட்கள் இருந்துவந்தனர் என்று அன்னை உம்மு ஸலமா (ரலி) வாயிலாக வரும் அறிவிப்பு அபூதாவூத், திர்மிதீ ஆகிய தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. ஹனஃபி, ஹன்பலி மத்ஹபுகள் நாற்பது நாட்களை நிஃபாஸின் உச்ச எல்லையாகக் கொண்டன. மாலிகி, ஷாஃபிஈ மத்ஹபுகளில் உச்ச எல்லை அறுபது நாட்களாகும். நாற்பது என்பது வழக்கமான அளவு என்பது ஷாஃபிஈ அறிஞர்களின் கூற்று. குறைந்தபட்ச எல்லை எதுவுமில்லை. பத்தாம் நாளில் தூய்மையடைந்தவள் அன்றே குளித்துத் தொழலாம்.

தமிழகத்தின் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபும் உள்நாட்டு ஊர்களில் ஹனஃபி மத்ஹபும் மிகுதியாகப் பின்பற்றப்படுகின்றன. சட்டத்தின் உச்ச எல்லை இரு தரப்பாருக்கும் வேறாயினும் நாற்பதாம் நாள் குளிப்பு இருசாராரிடமும் வழக்கமாகிவிட்டது. இவ்விவாதம் முழுவதும் ஒன்றைப் பற்றியதே: உதிரப்போக்கு உள்ள ஒரு பெண் எப்போது தொழுகைக்குத் திரும்ப வேண்டும் என்பதே அது. அவளது உடல் எப்போது தேறும், உள்ளம் எப்போது அமைதியுறும் என்பவற்றை அளக்க எந்த ஃபகீஹும் இந்த எண்ணைப் பயன்படுத்தவில்லை. வணக்கத்திற்குரிய எல்லையைப் பிற்காலத்தவர் நலத்திற்குரிய எல்லையாக ஆக்கிக்கொண்டனர்.

நிஃபாஸ் பற்றிய சட்டங்களின் உட்கிடக்கை சலுகையே ஆகும். விடுபட்ட தொழுகைகளை அப்பெண் மீட்டுத் தொழ வேண்டியதில்லை. நோன்பைப் பின்னர் வசதியான காலத்தில் நோற்கலாம். ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு இறுதி ஹஜ்ஜுக்காகப் புறப்பட்ட பயணத்தில், துல்ஹுலைஃபா என்னுமிடத்தில் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்கள் முஹம்மத் பின் அபீபக்ரைப் பெற்றெடுத்தார்கள். அவரைத் திருப்பி அனுப்பும்படி நபி (ஸல்) அவர்கள் கூறவில்லை. குளித்து, துணியால் இறுகக் கட்டிக்கொண்டு, இஹ்ராம் அணியுமாறு வழிகாட்டினார்கள். நிஃபாஸ் தீட்டு என்றோ, அதிலுள்ளவள் ஒதுக்கப்பட வேண்டியவள் என்றோ கருதும் மனப்பான்மைக்கு இந்நிகழ்ச்சியில் இடமில்லை. பேற்றின் காரணமாக உயிர்நீக்கும் பெண்ணை உயிர்த்தியாகியருள் ஒருவராக எண்ணும் அறிவிப்பும் நம்மிடம் உண்டு.

பாலூட்டல் பற்றிய 2:233ஆம் வசனம் இன்னொரு நெறியை வகுக்கிறது. தாய்க்கு உணவும் உடையும் அளிப்பது தந்தையின் கடமை. குழந்தையின் பொருட்டுத் தாய்க்குத் தீங்கு நேரலாகாது. பெற்றோர் இருவரும் கலந்து பேசிப் பால்குடியை நிறுத்தவோ, செவிலித்தாயை அமர்த்தவோ இடமுண்டு. பிள்ளைக்காகத் தாய் தன்னை அழித்துக்கொள்ள வேண்டும் என்ற எதிர்பார்ப்பை இவ்வசனம் அடியோடு மறுக்கிறது. அறிவு பேதலித்தவர் தெளிவடையும் வரை அவர்மீது குற்றம் எழுதப்படுவதில்லை என்னும் நபிமொழியையும் இதனோடு சேர்த்துப் பார்த்தால், மனநோயுற்ற தாயின்பால் ஷரீஅத் கொண்டுள்ள பரிவு விளங்கும்.

அரபு மருத்துவத்தில் உள்ளத்தின் நோய்

பேற்றின் பின் ஏற்படும் மனப்பிறழ்வை மருத்துவர்கள் மிகப் பழங்காலத்திலேயே கண்டுள்ளனர். ஹிப்போகிராட்டஸ் பெயரால் வழங்கும் கிரேக்க நோய்க்குறிப்புகளில் கிஸிகஸ் நகரப் பெண்ணொருத்தியின் வரலாறு உள்ளது. இரட்டைப் பெண்மக்களை அரிதில் பெற்ற அவள் காய்ச்சலும் பிதற்றலும் கண்டு 17ஆம் நாளில் இறந்தாள். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் அவர்தம் குழுவினரும் கிரேக்க மருத்துவ நூல்களை அரபியில் பெயர்த்தபோது இத்தகைய அறிவு முஸ்லிம் உலகிற்கு வந்து சேர்ந்தது.

அதனை உள்ளத்தின் பக்கமாக வளர்த்தெடுத்தவர்களுள் அபூ ஸைத் அல்பல்கீ (850-934) தனித்த இடம் பெறுகிறார். உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் நலம் பயப்பவை என்று பொருள்படும் 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் அவரது நூல், உடலைப் பேணுவதற்கு ஒரு பகுதியையும் உள்ளத்தைப் பேணுவதற்கு மற்றொரு பகுதியையும் ஒதுக்குகிறது. துயரத்தை அவர் இரு வகையாகப் பிரித்தார். இழப்பு முதலான அறிந்த காரணத்தால் வருவது ஒன்று. காரணம் இன்னதென்று புலப்படாமல் உள்ளத்தை அழுத்துவது மற்றொன்று. பின்னையது உடலின் நிலையிலிருந்து, குறிப்பாக இரத்தத்தின் கேட்டிலிருந்து எழுவது என்றும், அதற்கு உடல்வழி மருத்துவம் தேவை என்றும் அவர் கருதினார். உள்ளத்தை அலைக்கழிக்கும் எண்ணங்களால் துன்புறுவோர் தனிமையில் இருத்தலாகாது என்றும் எச்சரித்தார். அவர் கூறிய இரத்தக் கோட்பாடு இன்று ஏற்கத்தக்கதன்று. எனினும் காரணமற்றதாகத் தோன்றும் துயரமும் உடலைச் சார்ந்த உண்மையான நோயே, அது ஒழுக்கக் குறைவன்று என்ற தெளிவு பத்தாம் நூற்றாண்டிலேயே நமது அறிவு மரபில் இருந்தது. இந்நூலின் கையெழுத்துப் பிரதியை ஃபுஆத் ஸெஸ்கின் 1984இல் நிழற்படிவமாக வெளியிட்டார். மாலிக் பத்ரீ அதன் உளவியல் பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து 2013இல் வெளியிட்டார்.

கைரவானில் வாழ்ந்த இஸ்ஹாக் இப்னு இம்ரான் 'மாலன்கோலியா' எனப்பட்ட மனத்தளர்ச்சி நோய்க்கென்றே தனிநூல் எழுதினார். அன்புக்குரிய பிள்ளையை இழப்பதை அந்நோயின் காரணங்களுள் ஒன்றாக அவர் எண்ணினார். கர்ப்பிணியரையும் குழந்தைகளையும் பேணும் முறைபற்றி 10ஆம் நூற்றாண்டில் குர்துபாவில் அரீப் இப்னு ஸஅதும் எகிப்தில் அல்பலதீயும் தனித்தனி நூல்கள் யாத்தனர். இப்னு ஸீனா (இறப்பு 1037) தம் 'கானூன்' நூலில் பாலூட்டும் செவிலியின் குணநலன்களை விரிவாகப் பேசுகிறார். சினம், துயரம், அச்சம் முதலியவற்றுக்கு எளிதில் ஆட்படாதவளாக அவள் இருக்க வேண்டும். அவ்வுணர்ச்சிகள் குழந்தையையும் பாதிக்கும் என்பது அவர் கருத்து. பாலூட்டுபவளின் மனநிலையை மருத்துவத்திற்கு உரிய பொருளாக அவர் எடுத்துக்கொண்டது சிறப்பே. ஆயினும் அக்கவனம் பாலின் பொருட்டும் பிள்ளையின் பொருட்டும் எழுந்ததே தவிர, பாலூட்டுபவளின் பொருட்டு எழுந்ததன்று. இக்குறை இப்னு ஸீனாவோடு முடிந்துவிடவில்லை என்பதைப் பின்வரும் வரலாறு காட்டும்.

நூலறிவோடு நிறுவனமும் வளர்ந்தது. டமாஸ்கஸில் நூருத்தீன் 1154இல் எழுப்பிய மருத்துவமனையும், கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் நிறுவிய மன்ஸூரி மருத்துவமனையும் வக்ஃபு வருவாயால் நடைபெற்றவை. மன்ஸூரியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகள் இருந்தன; மனநோயாளிகளுக்கும் அங்கே இடம் இருந்தது. மனநோயாளி மருத்துவரிடம் செல்வதும், அவர் செலவை வக்ஃபு ஏற்பதும் இஸ்லாமிய நாகரிகத்தில் இயல்பான நடைமுறையாக இருந்திருக்கின்றன.

பாரீஸிலிருந்து எடின்பரோ வரை

தற்கால மருத்துவத்தில் இந்நோய் தனித்த ஆய்வுக்குரியதானது 19ஆம் நூற்றாண்டில், பிரான்சில். பாரீஸின் சல்பெட்ரியே மருத்துவமனையில் பணியாற்றிய எஸ்கிரோல், அங்குச் சேர்க்கப்பட்ட பெண்களுள் குறிப்பிடத்தக்க பகுதியினர் பேற்றின் பின்னரோ பாலூட்டும் காலத்திலோ நோயுற்றவர்கள் என்று கண்டார். வீடுகளிலேயே மறைவாகப் பராமரிக்கப்படுவோர் மருத்துவமனைக் கணக்கில் வருவதில்லை என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். அவரைத் தொடர்ந்து லூயி விக்டர் மார்செ, கர்ப்பிணியர், புதிதாகப் பிள்ளை பெற்றோர், பாலூட்டுவோர் ஆகிய மூவகைப் பெண்களின் மனநோய் பற்றி 310 நோயாளிகளின் வரலாற்றை ஆராய்ந்து 1858இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். தாயின் மனநோய் பேற்றை ஒட்டிய சில நாட்களோடு அடங்குவதன்று. கருவுற்ற காலத்திலிருந்து பாலூட்டும் காலம் வரை நீளக்கூடியது என்பது அந்நூலின் அடிப்படை. இன்று இத்துறை ஆய்வாளர்களின் பன்னாட்டு அமைப்பு 1980 முதல் அவர் பெயராலேயே இயங்குகிறது.

ஆயினும் அங்கும் நாட்கணக்கு குறுக்கிட்டது. இங்கிலாந்தின் 1922ஆம் ஆண்டுச் சட்டமொன்று, பேற்றின் விளைவிலிருந்து முற்றும் தேறாத தாய் மனநிலை குலைந்து தன் சிசுவைக் கொன்றுவிட்டால் அதனைக் கொலைக்குற்றமாகக் கொள்ளலாகாது என்றது. ஆனால் 'புதிதாகப் பிறந்த' குழந்தை என்றே அச்சட்டம் குறிப்பிட்டது. 1927இல் ஒரு வழக்கில் இறந்த குழந்தையின் வயது 35 நாட்கள். அது புதிதாகப் பிறந்த குழந்தையன்று என்று நீதிமன்றம் முடிவு செய்தது. இக்குறையை நீக்க 1938இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் எல்லையைப் பன்னிரண்டு மாதங்களாக விரித்தது. தாயின் மனம் தேற ஒரு மாதம் போதாது என்பதைச் சட்டம் உணர்வதற்குப் பதினாறு ஆண்டுகள் பிடித்தன.

மருத்துவக் கணக்குகளும் இத்தகையனவே. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, கர்ப்பம் முடிந்த 42 நாட்களுக்குள் நிகழ்வதே 'தாய் இறப்பு' எனப்படும். அதற்குப் பின் ஓராண்டு வரை நிகழ்பவை 'பிந்தைய தாய் இறப்பு' எனத் தனியே வைக்கப்படும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க்கையேடு 1994இல் பேற்றை ஒட்டிய மனச்சோர்வுக்கு நான்கு வாரங்களை எல்லையாக வைத்தது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பு கருவுற்ற காலத்தையும் சேர்த்துக்கொண்ட போதிலும் அந்த நான்கு வாரங்களை மாற்றவில்லை. ஆனால் பிரிட்டனில் தாய் இறப்புகளைத் தொடர்ந்து ஆராய்ந்துவரும் குழுவின் அறிக்கைகள், பேற்றின் ஆறாம் வாரத்திற்கும் ஓராண்டுக்கும் இடையே நேரும் நேரடி இறப்புகளுக்குத் தற்கொலையே முதன்மைக் காரணம் என்று கூறுகின்றன. நம் வீடுகளில் நாற்பது குளித்து முடிந்து எல்லோரும் கலைந்து செல்லும் வேளையும் அந்த ஆறாம் வாரமே.

நோயை அளப்பதற்கான எளிய கருவி ஒன்று 1987இல் ஸ்காட்லாந்தில் உருவானது. 'எடின்பரோ அளவீடு' எனப்படும் இது பத்து வினாக்களைக் கொண்டது. அதனை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜான் காக்ஸ் முன்னதாக உகாண்டாவில் பணியாற்றியவர். அங்குள்ள காண்டா மக்கள் பேற்றின் பின்வரும் மனப்பிறழ்வை 'அமாகிரோ' என்று தம் மொழியில் பெயரிட்டு அறிந்திருந்ததை அவர் 1979இல் எழுதினார். இந்நோய் மேலைநாட்டு வாழ்வின் விளைவு என்ற கருத்துக்கு அது மறுப்பாக அமைந்தது. எடின்பரோ அளவீட்டின் தமிழ் வடிவமும் சரிபார்க்கப்பட்டு 2005இல் வெளியாயிற்று.

மூவகை நிலைகள்

இன்றைய மருத்துவம் மூன்று நிலைகளைப் பிரித்தறிகிறது. முதலாவது, பேற்றின் மூன்றாம், நான்காம் நாளில் தோன்றும் அழுகையும் மனக்கலக்கமும். இது பாதிக்கும் மேற்பட்ட தாய்மாருக்கு வருவது. பெரும்பாலும் இரு வாரங்களுக்குள் தானே நீங்கிவிடும். ஓய்வும் ஆறுதலும் போதும்.

இரண்டாவது, மனச்சோர்வு நோய். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலக அளவில் பேற்றின் பின்னர் ஏறத்தாழ 13 விழுக்காட்டினருக்கு மனநலக் குறைபாடு ஏற்படுகிறது. அதில் மனச்சோர்வே முதன்மையானது. வளரும் நாடுகளில் இது 20 விழுக்காட்டை நெருங்குகிறது. இது முதல் மாதத்திலும் தொடங்கலாம். ஆறாம் மாதத்திலும் தொடங்கலாம். குழந்தை உறங்கும்போதும் உறக்கம் வராமை, எதிலும் நாட்டமின்மை, தான் நல்ல தாயல்லள் என்ற ஓயாத குற்றவுணர்வு, சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவை இதன் அடையாளங்கள். உரையாடல் வழிச் சிகிச்சையாலும், தேவைப்பட்டால் பாலூட்டும் தாய்க்கு ஏற்ற மருந்துகளாலும் இது குணமாகக்கூடியது.

மூன்றாவது, மனப்பிறழ்வு. ஆயிரம் தாய்மாருள் ஒருவர் அல்லது இருவருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களில் திடீரெனத் தோன்றுவது. இல்லாத குரல்களைக் கேட்பதும், குழந்தையைப் பற்றி விபரீத நம்பிக்கைகள் கொள்வதும், உறக்கமின்றிப் பரபரப்பதும் இதில் நிகழும். 'பிரசவ ஜன்னி' என்று நம் பாட்டிமார் பேசியவற்றுள் இதுவும் அடங்கியிருக்கக் கூடும். தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து விளைவிக்கக்கூடிய இந்நிலையில் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

ராவல்பிண்டியும் வேலூரும் தரும் பாடங்கள்

முஸ்லிம் சமூகம் ஒன்றில் இந்நோய் பற்றி நடந்த மிக முக்கியமான ஆய்வுகளுள் ஒன்று பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டக் கிராமங்களில் நடைபெற்றது. அதிஃப் ரஹ்மான் தலைமையிலான குழுவினர் அதன் முடிவுகளை 2008இல் வெளியிட்டனர். மருத்துவர்கள் அரிதாக உள்ள அக்கிராமங்களில், வீடு வீடாகச் செல்லும் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்கு எளிய உரையாடல் முறை ஒன்று கற்பிக்கப்பட்டது. மனச்சோர்வுற்றிருந்த 903 கர்ப்பிணியர் ஆய்வில் பங்கேற்றனர். பேற்றின் ஆறாம் மாதத்தில், இம்முறையில் கவனிக்கப்பட்டவர்களில் 23 விழுக்காட்டினரிடமே நோய் நீடித்தது. மற்றவர்களிடம் அது 53 விழுக்காடாக இருந்தது. மொத்தம் 16 சந்திப்புகளில் ஒன்பது, பேற்றின் முதல் மாதம் கழிந்த பின்னர் மாதம் ஒன்றாக நடத்தப்பட்டவை. உலக சுகாதார நிறுவனம் 2015இல் இம்முறையைக் கையேடாக்கிப் பிற நாடுகளுக்கும் பரிந்துரைத்தது.

அதே பகுதியில், 'சில்லா' என்று அவர்கள் வழங்கும் நாற்பது நாள் ஓய்வு பற்றிய ஆய்வு 2020இல் வெளியாயிற்று. அவ்வோய்வையும் உறவினரின் கவனிப்பையும் பெற்ற தாய்மாரிடம் ஆறாம் மாதத்தில் மனச்சோர்வு குறைவாகக் காணப்பட்டது. ஆகவே முன்னோர் வழக்கம் வீணானதன்று. அதனைக் கைவிடும்படி எவரும் சொல்ல வேண்டியதுமில்லை. நாற்பதாம் நாளில் கவனிப்பை முற்றாக நிறுத்திவிடுவதில்தான் குறை உள்ளது.

தமிழகத்தின் செய்தியும் இதனோடு வைத்து எண்ணத்தக்கது. வேலூர் மாவட்டத்தின் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் நடந்து 2002இல் வெளியான ஆய்வு, தாய்மாருள் 11 விழுக்காட்டினருக்குப் பேற்றின் பின் புதிதாக மனச்சோர்வு தோன்றியதைக் காட்டியது. வறுமை, மாமியாருடனோ பெற்றோருடனோ பிணக்கு, வீட்டு வேலைக்கு உதவியின்மை ஆகியவற்றோடு, ஆண்பிள்ளையை எதிர்பார்த்திருக்கப் பெண்பிள்ளை பிறந்ததும் காரணங்களுள் ஒன்றாக இருந்தது. பெண்மகவு பிறந்த செய்தி கேட்டு முகம் கறுத்து, ஊராருக்கு அஞ்சி ஒளிந்தவர்களைத் திருக்குர்ஆன் கண்டித்தது (16:58-59) அக்குழந்தையின் உரிமைக்காக மட்டுமே என்று நாம் எண்ணி வந்துள்ளோம். அந்தக் கறுத்த முகம் தாயின் உயிரையும் தின்னக்கூடியது என்பதை இவ்வாய்வு நமக்கு உணர்த்துகிறது.

துஆவும் மருந்தும்

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீக்கிரையான கொடுமையைத் தமிழ் முஸ்லிம்கள் எளிதில் மறந்துவிட முடியாது. தர்காவை நாடிச் சென்ற குடும்பங்களின் கையறு நிலையைப் பயன்படுத்தி நடத்தப்பட்ட தனியார் விடுதியொன்றில் அது நிகழ்ந்தது. நோயாளியைச் சங்கிலியில் இடுவதற்கு மார்க்கத்தில் ஆதாரம் ஏதுமில்லை. நோய்க்கு மருந்தையும் இறைவனே அருளியுள்ளான், எனவே மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பது நபிவழி. துஆ ஓதுவதும் மருத்துவரை நாடுவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. மர்யம் (அலை) அவர்களுக்கு ஆறுதல் மொழி மட்டும் அருளப்படவில்லை. பழமும் நீரும் சேர்த்தே அருளப்பட்டன.

தாயையும் சேயையும் பிரிக்காமல் சிகிச்சை அளிக்கும் முறை இங்கிலாந்தில் 1948இல் காஸ்ஸல் மருத்துவமனையில் தொடங்கியது. இந்தியாவில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2009இல் இதற்கெனத் தனிப்பிரிவு ஏற்படுத்தியது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கலாகாது என்று விதித்துள்ளது. மூஸா (அலை) அவர்களின் அன்னையாருக்குக் குழந்தையை மீட்டளித்த செய்தியை ஓதிவரும் நமக்கு இவ்விதியின் நியாயம் எளிதில் விளங்கும்.

ஜமாஅத்துகளும் மகளிர் மதரஸாக்களும் இத்துறையில் செய்யக்கூடியவை பெருஞ்செலவு பிடிப்பன அல்ல. நிஃபாஸின் சட்டங்களைக் கற்பிக்கும் வகுப்பிலேயே மேற்கூறிய மூன்று நிலைகளின் அடையாளங்களையும் கற்பிக்கலாம். திருமணத்திற்கு முன்னர் மணமகனுக்கு அளிக்கப்படும் அறிவுரையில் 2:233ஆம் வசனத்தின் கடமைகளை விளக்கலாம். ராவல்பிண்டியின் பணியாளர்களைப் போல, பயிற்சி பெற்ற மூத்த பெண்கள் நாற்பது கழிந்த பின்னரும் மாதம் ஒருமுறை பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சென்று, பிள்ளையின் நலத்தோடு தாயின் நலத்தையும் கேட்டு வரலாம். ஏழைத் தாயின் மருத்துவச் செலவை ஏற்பது வக்ஃபு மரபுக்குப் புதிதன்று.

நாற்பது என்பது தொழுகைக்குத் திரும்பும் எல்லை. அதற்குப் பின்னரும் கலங்கி நிற்கும் தாயிடம் 'இன்னும் ஏன் அழுகிறாய்' என்று கேட்பதற்கு முன், மரத்தடியில் இருந்த அன்னையிடம் அக்கேள்வி கேட்கப்படவில்லை என்பதை நினைவுகூர்வோமாக.